காது கொடுத்த வீடும் கை கொடுக்கும் வீடும்

1972ஆம் ஆண்டு நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். திருவாரூர்ப் பக்கம் ஒரு சிறிய கிராமம். பொழுது சாய்ந்ததும் அம்மா ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்காருவாள். அரிக்கேன் விளக்கு நடுவில் இருக்கும், எதிரே நான். எனக்கு அன்றைக்கு வீட்டுப்பாடம் ஏழாம் வாய்ப்பாடு. ‘ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு’ என்று நான் சொல்லச் சொல்ல, குழவி அந்தத் தாளத்துக்கே சுற்றும். ஆறேழு வந்ததும் என் குரல் இழுக்கும். குழவி நின்றுவிடும்.

“அங்க நொண்டுது பாரு. முதல்லேருந்து வா.”

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆறேழு நாற்பத்திரண்டு என்று அவள் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. ஆனாலும் நான் எங்கே தடுமாறுகிறேன் என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது, ஏனென்றால் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மாவு அரைந்து முடிவதற்குள் எனக்கு ஏழாம் வாய்ப்பாடு வந்துவிட்டது. அதன்பின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 36 ஆண்டுகள் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வீட்டுப்பாடத்தில் பெற்றோர் எப்படி உதவுவது என்று யாராவது கேட்டால், முதலில் என் நினைவுக்கு வருவது நின்றுபோன அந்தக் குழவிதான்.

சிலேட்டுக் காலம்

அந்தக் காலத்து வீட்டுப்பாடம் ஒரு சிலேட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு பக்கம் கணக்கு, மறுபக்கம் கையெழுத்து. எழுதியது அழியாமல் பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே ஒரு வித்தை. மஞ்சள் பைக்குள் வைத்தால் துணி உரசி அழியும், மார்போடு அணைத்தால் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். இரு பக்கமும் எதிலும் படாதபடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடப்போம். நடுவழியில் மழை பிடித்துக்கொண்டால் முதல்நாள் உழைப்பு அத்தனையும் கரைந்து போகும். எங்கள் டீச்சர் அதற்குக் கோபித்ததில்லை. “சரி, இப்ப வாயால சொல்லு” என்பார். சொல்லிவிட்டால் போதும். சிலேட்டில் இருந்தது மனதிலும் இருக்கிறதா என்பதைத்தான் அவர் பார்த்தார்.

அதற்கும் சில தலைமுறைகளுக்கு முன்பு சிலேட்டுகூடக் கிடையாது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதினார்கள், பிறகு ஓலைக்கு வந்தார்கள். 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாறான ‘என் சரித்திர’த்தில் அந்தப் பள்ளிகளின் வழக்கம் ஒன்றைச் சொல்கிறார். மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு விலங்கின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் வந்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அந்தப் பெயரை முணுமுணுத்தபடியே வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் சொல்லி வைப்பார்களாம். காலையில் அவர்களிடமே கேட்டு நினைவுபடுத்திக்கொண்டு பள்ளிக்கு வருவார்களாம்.

படித்த நாளிலிருந்து இந்தச் செய்தி என்னை விட்டுப் போகவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் பழைய வீட்டுப்பாடங்களில் ஒன்று, ஒரே ஒரு சொல். அதில் பெற்றோருக்கு இருந்த பங்கு, அந்தச் சொல்லை இரவு முழுக்கப் பத்திரமாக வைத்திருந்து காலையில் எடுத்துக் கொடுப்பது. படிக்காத தாயாலும் அதைச் செய்ய முடிந்தது.

மறைக்கக் கூடாத மறுபக்கம்

அந்தக் காலம் முழுக்க இனித்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவர்களுக்குப் பிரம்படி இருந்தது. முட்டி போட வைப்பதும் நூறு தடவை இம்போசிஷன் எழுத வைப்பதும் இருந்தன. அடிக்குப் பயந்து மாட்டுக்கொட்டகையில் ஒளிந்துகொண்ட பிள்ளைகள் சிலர் பிறகு பள்ளிக்கு வரவே இல்லை. பெண் பிள்ளைகளுக்கு மாலை என்றால் தண்ணீர்க் குடமும் தம்பி தங்கையும்தான். என்னோடு முதல் வகுப்பில் உட்கார்ந்த பெண்களில் பாதிப் பேர்கூட ஐந்தாம் வகுப்பில் இல்லை. என் அம்மாவைப் போல் விளக்கேற்றி உட்கார வைக்க எல்லார் வீட்டிலும் அம்மாவுக்கு நேரம் இருந்ததில்லை, மண்ணெண்ணெயும் இருந்ததில்லை.

நான் ஆசிரியையான பிறகு அதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு வாரமாக வீட்டுக்கணக்குப் போடாமலே வந்தான். ஐந்து நாளும் அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். ஆறாம் நாள் அவனைக் காணவில்லை. தேடிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அறுவடை முடிந்த வயலில் அப்பாவோடு வாத்து மேய்த்துக்கொண்டிருந்தான். இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவானாம். வீட்டில் ஒற்றைச் சிம்னி விளக்கு, அதுவும் அடுப்படிக்கு.

பேசிக்கொண்டே மொத்தம் எத்தனை வாத்து என்று கேட்டேன். சட்டென்று சொன்னான். எத்தனை முட்டையிட்டன, வியாபாரியிடம் எத்தனை போனது, உடைந்தது எத்தனை என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் மனக்கணக்காகவே பதில் வந்தது. நான் ஒரு வாரமாகக் கொடுத்துக்கொண்டிருந்த கழித்தல் கணக்கை அவன் தினமும் வயலில் போட்டுக்கொண்டுதான் இருந்தான். எழுதி வர நோட்டும் விளக்கும்தான் இல்லை. மறுநாளிலிருந்து அவனுக்கு வாத்துக் கணக்குதான் வீட்டுப்பாடம். வகுப்புக்கு வந்ததும் முட்டைக் கணக்கை வாயால் சொல்வான், நான் கரும்பலகையில் எழுதுவேன், பிறகு அவன் எழுதுவான். அந்தப் பையனுக்கு முன்னால் தலைகுனிந்து கற்ற பாடம் அது. ஒரு பிள்ளையின் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அந்த வீட்டுக்குப் பாடம் கொடுத்து அனுப்பக் கூடாது.

இன்றைய கூடம்

இப்போது சென்னைப் புறநகரில் மகளோடு இருக்கிறேன். பேத்தி மூன்றாம் வகுப்பு. அதே வகுப்பு, அதே மாலை வேளை. ஆனால் கூடத்துக் காட்சி முற்றிலும் வேறு.

நாலு மணிக்குப் பள்ளி வேன் வரும். ஐந்திலிருந்து ஆறரை வரை டியூஷன். ஏழு மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் கையெழுத்து, கணக்கில் பத்து, சூழ்நிலையியலில் கேள்வி பதில், இந்தியில் ஐந்து சொற்கள். சில நாள்களில் எட்டரைக்கு மேல், மறுநாளே சூரியக் குடும்பம் மாடல் கொண்டுவர வேண்டும் என்று இன்னொரு செய்தி. வேலை முடிந்து அப்போதுதான் வந்திருக்கும் மகள், கைப்பையைக்கூட வைக்காமல் ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவாள். தெர்மாகோல், சார்ட், பெயிண்ட். பத்தரை மணிக்கு மகள் சனிக் கோளுக்கு வளையம் வெட்டிக்கொண்டிருப்பாள். பேத்தி சோபாவிலேயே தூங்கிப்போயிருப்பாள்.

ஒருமுறை அந்த மாடல்களைப் பார்வைக்கு வைத்திருந்தபோது நானும் போயிருந்தேன். வரிசையாக நாற்பது சூரியக் குடும்பங்கள். விளிம்பு பிசகாமல் வெட்டி, கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டியிருந்தார்கள். ஒரு மாடலில்கூட எட்டு வயதுப் பிள்ளையின் விரல் அடையாளம் இல்லை. பின்வரிசையில் ஒரு சிறுவன் மட்டும், கோணலாக உருட்டிய களிமண் உருண்டைகளைத் துணியால் மூடி வைத்திருந்தான். அத்தனை பேரிலும் தன் கையால் செய்து வந்தவன் அவன் ஒருவன்தான் என்று எனக்குத் தோன்றியது. அவன் முகத்தில் வெட்கத்தைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது.

இந்த மாற்றம் யாரோ ஒருவரின் குற்றத்தால் வந்ததில்லை. ஊருக்கு ஊர் ஆங்கில வழி நர்சரிப் பள்ளிகள் பெருகின. மூன்று வயதில் எழுதத் தொடங்காத பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயம் கூடவே வந்தது. 2012-13இல் தமிழ்நாட்டில் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. ஒரே புத்தகத்தை மூன்றாகப் பிரித்ததில் பையின் கனம் குறைந்தது. பருவத் தேர்வுக்கு 60 மதிப்பெண், செயல்பாடுகளுக்கு 40 என்று வைத்தார்கள். மனப்பாடத்தைக் குறைத்துப் பிள்ளைகளைச் செய்ய வைக்க வேண்டும் என்பதே நோக்கம், அது நல்ல நோக்கம். ஆனால் வகுப்பறையில் நடந்திருக்க வேண்டிய செயல்பாடுகள் பல இடங்களில் சார்ட்டும் மாடலுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தன. மதிப்பெண் என்று வந்தபின் எந்தத் தாய் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள்?

பெற்றோர் பக்கமும் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுப்பாடம் கொடுக்காத வகுப்பாசிரியரைப் பார்த்து, “ஹோம்வொர்க்கே இல்லன்னா அப்புறம் என்ன படிப்புங்க?” என்று கேட்கும் பெற்றோரை வருடா வருடம் சந்தித்திருக்கிறேன். நோட்டில் பக்கங்கள் நிறைவதைக் கல்வி என்று நாமும் நம்பத் தொடங்கிவிட்டோம்.

சட்டம் சொல்வதும் டயரி சொல்வதும்

வியப்பான விஷயம், அரசும் நீதிமன்றமும் இந்தப் பாரத்தை இறக்கிவைக்கத்தான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, பிள்ளைகள் சுமக்கும் புத்தக மூட்டையைப் பற்றி அவையில் பேசினார். 1993இல் பேராசிரியர் யஷ்பால் குழு தந்த ‘சுமையின்றிக் கற்றல்’ அறிக்கை, தொடக்க வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே வேண்டாம் என்றது. வீட்டையும் சுற்றுப்புறத்தையும் ஆராய்ந்து பார்க்கும் வேலைக்கு மட்டும் அது விலக்குத் தந்தது. 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்தது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது.

2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை இன்னும் தெளிவானது. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் இல்லை. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். ஐந்து நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 24 நிமிடம். என் பேத்தி ஒரே மாலையில் எழுதுவதற்கும் இந்தக் கணக்குக்கும் எவ்வளவு தூரம்!

அந்தக் கொள்கையில் என் மனதைத் தொட்ட பகுதி இன்னொன்று. சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம், நேற்று மாலை என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு அவர்களை வகுப்பில் பேச விட வேண்டும் என்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து, வீட்டில் யார் சமைத்தார்கள், யாருக்கு எந்த உணவு பிடிக்கும், வீட்டு வேலையில் யாருக்கு என்ன பங்கு என்று கவனித்து வந்து சொல்ல வைக்கலாம் என்கிறது. திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் ஒரு பூவின் பெயரைக் கொடுத்தனுப்பியதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டுமே பிள்ளையின் வாயையும் வீட்டாரின் காதையும் நம்பியவை.

ஆராய்ச்சியும் இதற்கு எதிராகப் போகவில்லை. வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்கப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பர், மேல் வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் ஓரளவு தொடர்பு தெரிவதையும், தொடக்க வகுப்புகளில் அந்தத் தொடர்பு மிகவும் பலவீனமாக இருப்பதையும் எடுத்துக்காட்டினார். சின்ன வயதில் பக்கம் பக்கமாக எழுதுவதால் பிள்ளைக்குக் கிடைப்பது அதிகமில்லை. அதில் அது இழக்கும் தூக்கமும் விளையாட்டும் அதிகம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பத்தரை வரை விழித்திருக்கும் பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்?

அம்மா அப்பா என்ன செய்யலாம்?

டயரியில் எழுதி வந்ததைப் பிள்ளை செய்துதானே ஆக வேண்டும், நாங்கள் என்ன செய்வது என்று மகள் கேட்டாள். வகுப்பறையில் நான் கண்டதையும் என் அம்மாவிடம் கற்றதையும் வைத்து அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் வயிறு, பிறகு விளையாட்டு, அதற்குப் பிறகு பாடம். பள்ளியிலிருந்து வந்த பிள்ளையை உடனே உட்கார வைக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனி அறையும் மேசையும் தேவையில்லை, அடுப்படி ஓரத்துப் பாய் போதும். அந்த அரை மணி நேரம் தொலைக்காட்சியும் உங்கள் கைப்பேசியும் அணைந்திருக்க வேண்டும். அரை மணிக்குள் முடியாவிட்டால் நோட்டை மூடிவிடுங்கள். ‘இவ்வளவுதான் செய்ய முடிந்தது, இதற்கு மேல் களைத்துவிட்டாள்’ என்று டயரியில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆசிரியையாக இருந்தவள் சொல்கிறேன், அந்த இரண்டு வரி எங்களுக்கு மிகவும் பயன்படும். பெற்றோர் போட்டுக் கொடுத்த பத்துக் கணக்கைத் திருத்தும்போது, அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியாது என்பதை எங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

தவறு கண்ணில் பட்டால் ரப்பரை எடுத்து நீங்களே அழிக்காதீர்கள். “இந்த வரியை மட்டும் எனக்கு ஒருதடவை வாசிச்சுக் காட்டு” என்று கேளுங்கள். பாதிப் பிழையைப் பிள்ளை வாசிக்கும்போதே கண்டுகொள்ளும். மீதிப் பிழை நோட்டிலேயே இருக்கட்டும், அது ஆசிரியருக்கான செய்தி. இப்போது கேள்வியைக் கைப்பேசியில் படம் பிடித்தால் அடுத்த நொடி விடை வந்துவிடுகிறது. விடை வந்த வேகத்தில் பிள்ளையின் யோசனை நின்றுபோகும். யோசித்துத் தப்பாகச் சொன்ன விடைக்கு இருக்கும் மதிப்பு அந்த விடைக்குக் கிடையாது.

நாங்கள் தமிழ் வழியில் படித்தவர்கள், பிள்ளையின் ஆங்கிலப் பாடம் எங்களுக்குப் புரியவில்லை என்று கூசும் தாய்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். கூச வேண்டியதில்லை. “இன்னிக்கு என்ன நடத்தினாங்க? எனக்குத் தெரியாது, நம்ம பேச்சுல சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். தனக்குப் புரிந்ததை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்வதைவிட நல்ல வீட்டுப்பாடம் எதுவும் இல்லை. பிள்ளை எங்கே விழிக்கிறதோ அங்கே அதற்கும் புரியவில்லை. குழவி நிற்க வேண்டிய இடம் அதுதான்.

கணக்கை நோட்டுக்கு வெளியே தேடுங்கள். கடைக்குக் கூட்டிப்போய் நூறு ரூபாயைக் கையில் கொடுத்து மீதியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இட்லிக்கு அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்றால் எட்டு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு உளுந்து என்று கேளுங்கள். பேருந்துப் பலகையையும் கடைப் பெயர்களையும் வாசிக்கச் சொல்லுங்கள். தூங்கும் முன் பத்து நிமிடம் பாடப் புத்தகம் அல்லாத ஒரு கதைப் புத்தகம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை, நட, ஓடு, பற’ வரிசைச் சிறு புத்தகங்கள் இருக்கின்றன. பிள்ளை வாசிக்க நீங்கள் கேட்கலாம், உங்களுக்கு வாசிக்கத் தெரிந்தால் மாறி மாறி வாசிக்கலாம்.

மாடல் செய்யச் சொன்னால், வெட்டுவதும் ஒட்டுவதும் பிள்ளையின் வேலை. கத்தி பிடிக்கும் இடத்தில் மட்டும் நீங்கள். கோணலாகத்தான் இருக்கும். அந்தக் கோணலை நிமிர்ந்து கொண்டுபோகும் துணிவை வீட்டில்தான் கொடுத்தனுப்ப வேண்டும்.

பனியன் கம்பெனியிலிருந்து இரவு எட்டரைக்கு வீடு திரும்பும் தாய்க்கு இத்தனைக்கும் நேரம் ஏது என்பதும் எனக்குத் தெரியும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. மாலை ஐந்து மணிக்கு மேல் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். எங்கள் ஊரில் அப்படி உட்கார்ந்த ஒரு பெண், என்னிடம் ஒன்றாம் வகுப்புப் படித்தவள். வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளைக்கு, கேட்பதற்கு ஒரு அக்கா கிடைத்தாள். அந்தத் தாய்க்கு நான் சொல்வது இவ்வளவே. சோறு பிசைந்து ஊட்டும் ஐந்து நிமிடத்தில், இன்றைக்குப் புதிதாக என்ன தெரிந்துகொண்டாய் என்று கேளுங்கள். அந்த ஐந்து நிமிடம் போதும்.

ஒரு சொல்

இதையெல்லாம் சொன்ன பிறகு வீட்டில் சிறிய மாற்றம் வந்தது. மகள் வகுப்பாசிரியையைச் சந்தித்துப் பேசினாள். அடுத்த மாடல் களிமண்ணில், பேத்தியின் கையாலேயே உருவானது. டியூஷன் நின்றது. அந்த நேரத்தில் பேத்தி கீழே போய்ச் சைக்கிள் ஓட்டுகிறாள்.

நானும் என் பங்குக்குப் பழைய திண்ணை வழக்கத்தை மீட்டுக்கொண்டேன். தினமும் இரவு அவளுக்கு ஒரு பெயர் கொடுப்பேன். மகிழம்பூ, தூக்கணாங்குருவி, நாகூர். காலையில் ஷூ போடும்போது அவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தெரியாத பெயராக இருந்தால் அது என்ன, எங்கே இருக்கும் என்ற கேள்விகளிலேயே கதை நீளும்.

போன வாரம் ஒருநாள் படுக்கப் போகும்போது அவளே வந்து என் காதருகில் குனிந்தாள். மறுநாள் வகுப்பில், தங்கள் வீட்டில் யாருக்கு என்ன பிடிக்கும் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டுமாம்.

“அம்மாச்சி, அம்மாவுக்கு மழையில நனையப் பிடிக்குமாம், இப்பதான் கேட்டேன். காலையில நான் மறந்துட்டா நீ எடுத்துக் கொடுக்கணும்.”

என் மகளுக்கு மழையில் நனையப் பிடிக்கும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. விடியும்வரை அதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.